சப்பை மூக்கு

வாங்க தம்பி, உக்காருங்க. இந்தக் கூடையை அக்கட்டால நகத்திக்கறேன். பயப்படாதீங்க, உங்க சேவலை இவன் ஒண்ணும் பண்ண மாட்டான். இவனுக்குச் சேவல்னா என்னன்னே தெரியாது. போன மாசம் எங்க ஊட்டுச் சமையக்கட்டுல எலி ஒண்ணு இவன் முன்னால நடந்து போச்சுதுங்க. ஓடலை, நடந்து போச்சு. இவன் வாலைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டு அதுக்கு வழி விட்டான். அப்படியாப்பட்ட பூனைங்க இது.

சேவலுக்கு என்னங்க, இரை எடுக்கறதில்லையா? பாவம், மொகம் வாடித்தான் கெடக்குது. கிளிமூக்குச் சேவல்தானே? அதானே பாத்தேன். என்ற கூடப் பொறந்தவன் அன்னூர்ல இதையேதான் வளத்துனான். மூக்கு கிளி மூக்காட்டம் வளைஞ்சு நிக்கலைன்னா அது சேவலே இல்லைம்பான். கண்காட்சிக்குக் கொண்டு போய்க் கப்பு வாங்கியாருவான். பாருங்க, உங்களுதுக்கு மூக்கு வளைஞ்சிருந்தா மதிப்பு. இவன் சாதிக்கு மூக்கே இருக்கக் கூடாதாம், அதுதான் மதிப்பாம். பெர்சியன் பூனைங்க இது. இந்த மூக்குனால நான் பட்ட பாடு இருக்குதே, சொன்னா நீங்க சிரிப்பீங்க.

என்ற பூனை இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். என்ற மருமவளோட பூனை. அவளும் என்ற பையனும் ஜெர்மனியில இருக்கறாங்க. இவனை அங்க அனுப்பணும். ஏரோப்ளேன்ல ஏத்தலாமா, மூச்சுத் தாங்குமான்னு இன்னிக்கு டாக்டரம்மா பாத்துச் சொல்லணும். ஏத்தலாம்னு சொல்லிட்டாங்கன்னா அடுத்த வாரமே போயிருவான். போனாச் சரி. எனக்கென்னங்க.

இல்லைன்னு சொல்லிட்டா இங்கயே கெடப்பான். அதுவும் சரிதான். எனக்கென்னங்க.

சப்பை மூக்குப் பூனைகளை நெறைய ஏரோப்ளேன் கம்பெனிக்காரங்க சரக்கு ஏத்தற எடத்துல ஏத்தவே மாட்டாங்களாமுங்க. மூக்குத் துவாரம் சின்னது, சூட்டுல மூச்சுத் திணறிப் போயிருமாம். அதனால இவன் மூக்கு எவ்வளவு சப்பைங்கறதுலதான் இருக்குது எல்லாமே. நீங்களே பாருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க. சப்பைதானே? ரொம்பச் சப்பைதானே? ஆங், அப்படிச் சொல்லுங்க.

இவனை நான் மொதல் மொதல்ல பாத்தது பொண்ணு பாக்கப் போன எடத்துல. போத்தனூர்ல அவங்க ஊடு. பொண்ணு பேரு மிருதுளா. பஜ்ஜி, காப்பி எல்லாம் வந்துச்சு. எங்க பக்கம் பொண்ணு பாக்கப் போனா மொதல்ல கூட்டம் என்ன, அதான் எந்த வம்சம்னு கேப்போம், குலதெய்வம் எதுன்னு கேப்போம். கேட்டேன். பொண்ணோட அம்மா ரெண்டே வரியில சொல்லி முடிச்சுட்டாங்க. அப்பப் பாத்து இவன் உள்ள இருந்து வந்தான். மெதுவா, மாப்பிள்ளை நடந்து வர்ற மாதிரி. வந்தவன் நேரா என்ற மடியில ஏறி உக்காந்துட்டான். பட்டுச் சேலைங்க. பூரா வெள்ளை முடி.

இவனை எறக்கி விடுவாங்கன்னு பாத்தா, சம்பந்தியம்மா இவன் கூட்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நானூறு வருசத்துக்கு முன்னால ஒரு இத்தாலிக்காரர் பாரசீகத்துக்குப் போனாராம். அங்க நீள முடி வெச்ச பூனைகளைப் பாத்து ஆசைப்பட்டுத் தன் ஊருக்குக் கொண்டாந்ததாச் சொல்றாங்களாம். அங்கிருந்து பிரான்சு, பொறவு இங்கிலாந்து. லண்டன்ல கண்ணாடி மாளிகையில பூனைக் கண்காட்சி வெச்சப்ப இதுக வந்து உக்காந்துச்சுகளாம். இங்கிலாந்து ராணியே வளத்துனாங்களாம். பொண்ணுக்கு ரெண்டு வரி, பூனைக்கு ரெண்டு பக்கம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"அப்ப இதுக்குக் குலதெய்வம் எதுங்க?"ன்னு கேட்டுட்டேன். அதோட விட்டிருக்கலாம். நான் விடலை. "இத்தனை பெருமையான சாதியில பொறந்து மூக்கு ஏன் இப்படிச் சப்பையாப் போச்சு, செவுத்துல முட்டிக்கிச்சா?"ன்னேன். அந்தம்மா மொகம் தொங்கிப் போச்சு. ஆனா பொண்ணு சிரிச்சுட்டா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்பத்தான் எனக்கு அவளைக் கொஞ்சம் புடிச்சுது. அவ மூக்கும் லேசாச் சப்பைதான். அதை நான் சொல்லலீங்க. சொன்னேன், காருக்குள்ள வந்துதான் சொன்னேன்.

பொண்ணு ஒரே ஒரு கண்டிசன் போட்டா. பூனையும் கூட வரும்னா. என்ற பையன் நந்தகுமார் இருக்கானே, அவன் யானையே வந்தாலும் சரிம்பான் அந்த நேரத்துல. தலையை ஆட்டிப்போட்டான்.

கல்யாணத்துக்குச் சீர் கொண்டாந்தாங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. தேங்கா, பழம், பட்டு, பாத்திரம்னு வரிசையாத் தட்டு வருது. கடைசித் தட்டுக்குப் பின்னால ஒரு கூண்டு, அது மேல ஜரிகைத் துண்டு. என்ற நாத்தனார் துண்டை விலக்கிப் பாத்துட்டு, "ஏனுங்க அண்ணி, பூனைக்கும் மொய் வெக்கணுமா?"ன்னா. எனக்கு மானம் போச்சுதுங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இதை நான் தொடறதில்லைன்னு.

அப்படியே இருந்தேனுங்க. ஒரு வாரம் இருந்திருப்பேன். ஆனா பாருங்க, இந்தச் சாதிக்குத் தெனமும் முடி சீவணும். ஒரு நாள் விட்டா முடிச்சு விழுந்துரும். விழுந்தாப் பொறவு கத்தரியை எடுக்கணும். மருமவ ஐ.டி. கம்பெனி. காலைல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா எந்திரிக்கறதே இல்லை. இவன் முடிச்சு முடிச்சா நடுக்கூடத்துல நடந்தா வர்றவங்க யாரைச் சொல்லுவாங்க? என்னைத்தானே சொல்லுவாங்க. அதுக்காகச் சீவினேன். கண்ணுல வேற தண்ணி ஒழுகிட்டே இருக்கும். மூக்கு உள்ள போனதால கண்ணுத் தண்ணி எறங்கற வழி நெளிஞ்சு போயிருக்குமாம். தொடைக்கலைன்னா மூக்கோரம் பழுப்பாக் கறை புடிச்சுக்கும். அதுக்காகத் தொடைச்சேன். குழியான கிண்ணத்துல வெச்சா மொகம் எட்டாது, பரந்த தட்டா வேணும். என்ற கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தட்டம் பீரோவுல சும்மாத்தானே கெடக்குதுன்னு அதுல வெச்சேன். அவ்வளவுதானுங்க. ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லை.

பேரு ஆஸ்கராம். மருமவ வெச்ச பேரு. எனக்கு அது வாயில வராது. "கெரகமே, அக்கட்டால போ"ன்னு திட்டித்தான் பழக்கம். கடைசியில பாத்தா ஆஸ்கர்னு கூப்பிட்டா இவன் காதைக் கூட அசைக்கறதில்லை. கெரகமேன்னா எந்த அறையில இருந்தாலும் ஓடியாந்துடறான். ஓடியாந்துடறான்னா, இவன் ஓட்டம் அப்படித்தான், நீங்க அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிரலாம். தாவ மாட்டான், ஏற மாட்டான். கத்தறது கூடப் பக்கத்து ஊட்டுக்குக் கேக்காது. ஆனா கொறட்டை விடுவான் பாருங்க, என்ற ஊட்டுக்காரரே எந்திரிச்சு இவனைத் தட்டி விட்டுப் படுப்பார்.

கோயமுத்தூர்ல ஒரு மண்டபத்துல பூனைக் கண்காட்சி வெச்சாங்க. மருமவ கொண்டு போனா, நான் சும்மாத் துணைக்குப் போனேன். முந்தின நாள் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளிக்க வெச்சு, உணத்தி, சீவி, பவுடர் போட்டு விட்டது நான். இவனைப் பாக்கறதுக்குன்னே என்ற நாத்தனாரை வரச் சொல்லியிருந்தேன். நடுவர் வந்தார். இவனைத் தூக்கி, நீட்டி, வாலை அளந்து, மொகத்தைத் திருப்பிப் பாத்தார். "மூக்கு நீளம்"னுட்டுப் போயிட்டார்.

நீளமாமுங்க. எனக்கு எப்படி இருக்கும்? பின்னாலயே போனேன். "எங்கீங்க நீளம், கண்ணைத் தொறந்து பாருங்க, செவுத்துல முட்டின மாதிரி இருக்குது, இதுக்கு மேல என்னங்க சப்பை வேணும்?"னு கேட்டேன். அவரு மரியாதையாத்தான் சொன்னார். நூறு வருசத்துக்கு முன்னால பெர்சியன் பூனைக்கெல்லாம் மூக்கு இருந்துச்சாம். ஜனங்க சப்பையாத்தான் வேணும்னு சேத்துச் சேத்து வளத்தே இப்படி உள்ள தள்ளிட்டாங்களாம். இவனுக்கு அந்தப் பழைய மூக்கு கொஞ்சம் மிச்சம் இருக்குதாம். கண்காட்சிக்கு ஆகாதாம், ஆனா மூச்சு விட அதுதான் சுகமாம். கப்பு பொம்மையாட்டம் ஒரு பூனைக்குப் போச்சு. மூக்கே இல்லை, கண்ணுக்கு நடுவுல ஒரு பொட்டு வெச்சிருந்துச்சு அவ்வளவுதான்.

வர்ற வழியெல்லாம் மருமவ சிரிச்சுட்டே வந்தா. "அத்தே, பொண்ணு பாக்க வந்தப்ப சப்பைன்னு திட்டினீங்க, இப்ப சப்பைதான்னு சண்டை போடறீங்க"ன்னா. அது வேறங்க. நான் சொன்னா ஊட்டுக்குள்ள சொல்றேன். வெளியாளு எப்படிச் சொல்லலாம்? இன்னொண்ணும் சொன்னா. ரத்தம் எடுத்து ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்களாம், இந்தப் பெர்சியன் பூனைக ஈரான் பக்கத்துப் பூனைகளோட சேரலையாம், மேற்கு ஐரோப்பாப் பூனைகளோடதான் சேருதாம். இதை மட்டும் சம்பந்தியம்மாகிட்டச் சொல்லணும்னு எனக்கு ஒரே ஆசை. மருமவ கையைப் புடிச்சுக் கெஞ்சினதால விட்டேன்.

அவ நல்ல பொண்ணுதானுங்க. அதைச் சொல்றதுக்கு எனக்கென்ன. சிரிக்கத் தெரிஞ்ச பொண்ணு. ஊட்டுல சிரிப்பு கேட்டுட்டே இருக்கும்.

அப்பத்தான் இந்த ஜெர்மனி வந்து சேந்துச்சு. என்ற பையனுக்கு வேலை. எனக்கு எப்பச் சொன்னான்கறீங்க? எல்லாம் முடிவு பண்ணி, டிக்கெட் போட்டுப் பொறவு. என்ற ஊட்டுக்காரருக்கு முன்னாலயே தெரியும். மருமவளுக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்குத் தெரியும். இந்தக் கெரகத்துக்குக் கூடத் தெரிஞ்சிருக்கும், ரெண்டு பேரும் இவன் முன்னாலதானே பேசியிருப்பாங்க. எனக்குத்தான் கடைசியில. "சொன்னா அழுவீங்கம்மா, அதான்"னான் பையன். நான் அழுவேனா மாட்டேனான்னு நான் அழுத பொறவுதானே தெரியும்?

கெளம்பறதுக்கு முன்னால ஒறம்பரையைக் கூப்பிட்டு விருந்து வெச்சோம். பந்தியில வெச்சு, எல்லாரும் கேக்கத்தான், "நீங்களும் மாமாவும் வந்து மூணு மாசம் எங்ககூட இருக்கணும் அத்தே"ன்னா மருமவ. நான் பாயசக் கரண்டியைக் கீழ வெச்சேன். "நீங்க அங்க எந்த ஊடு கட்டி இருந்தாலும் அந்த ஊட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்"னு சொல்லிப்போட்டேன். சொன்னது சொன்னதுதானுங்க. என்ற நாத்தனார் வேற எதுத்தாப்புல உக்காந்திருந்தா.

அவங்க போயிட்டாங்க. இவன் போக முடியலை. வெறிநாய்க்கடி ஊசி போட்டு, பொறவு ரத்தம் எடுத்து அனுப்பி, அதுக்கப்பறம் மூணு மாசம் காத்திருக்கணுமாம். அது வரைக்கும் என்ற தலையில கட்டிட்டாங்க. நான் யார்கிட்டயும் பேசறதில்லைன்னு இருந்தேன். போன்ல பையன் கூப்பிட்டா அவங்கப்பாகிட்டக் குடுத்துருவேன். மருமவ கூப்பிட்டாலும் அதேதான்.

அவ சும்மா இருக்கறவளா? ஒரு நாளு வீடியோவுல கூப்பிட்டா. அவரு தோட்டத்துல இருந்தார், நான்தான் எடுத்தேன். "ஆஸ்கரைக் காட்டுங்க அத்தே"ன்னா. பூனைக்காரி பூனையைக் கேக்கறா, காட்டித்தானே ஆகணும். போனை இவன் மொகத்துக்கு நேராப் புடிச்சேன். "ஆஸ்கர், சாப்பிட்டியா?"ன்னா. இவன் வேற பக்கம் பாத்தான். "ஆஸ்கர், உங்க அப்பத்தாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னா.

பாத்தீங்களா கொழுப்பை. நான் பூனைக்கு அப்பத்தாளாம். எனக்கு வந்த கோவத்துக்கு, "சொல்லுடா கெரகமே, முட்டி வலி இருந்தா இவிங்களுக்கென்ன, எண்ணெய் தடவித் தடவி நான் நடந்துட்டுத்தான் இருக்கறேன்னு சொல்லு"ன்னேன். "எந்த எண்ணெய்னு கேளு ஆஸ்கர்"ன்னா. "வேப்பெண்ணெய்னு சொல்லுடா"ன்னேன். "டாக்டர் குடுத்த மாத்திரையையும் சேத்துப் போடச் சொல்லு ஆஸ்கர்"ன்னா. அப்படியே ஆரம்பிச்சுதுங்க.

அதுல இருந்து தெனமும் மத்தியானம் போன் வரும். அவங்களுக்கு அப்பத்தான் விடிஞ்சிருக்கும். நான் இவனை மடியில தூக்கி வெச்சுக்குவேன். அங்க பனி பேயுதுன்னு இவன்கிட்டச் சொல்வா. கம்பளி போட்டுக்கச் சொல்லுடாம்பேன். ரசம் வெச்சா நம்மூட்டு வாசமே வர்றதில்லைம்பா. மொளகை வறுத்துப் பொடிக்கச் சொல்லுடாம்பேன். என்ற பையனும் பக்கத்துல உக்காந்துக்குவான். "ஆஸ்கரு, எங்கம்மாவுக்கு இன்னும் கோவமா?"ம்பான். இவன் கொட்டாவி விடுவான். அதுவே போதும் அவனுக்கு. நடுவுல நாங்க ஒரு வார்த்தை நேராப் பேசினதில்லைங்க. இன்னிக்கு வரைக்கும் இல்லை.

என்ன கேட்டீங்க? நேராவே பேசிட்டா என்னன்னா? நல்லாக் கேட்டீங்க. உங்க சேவலை நான் ஏதாச்சும் கேட்டனா?

கோவிச்சுக்காதீங்க தம்பி. சுருக்குன்னு வந்துருச்சு. பந்தியில வெச்சு அப்படிச் சொல்லிட்டு, இப்ப நானாப் போன் எடுத்து "எப்படிக் கண்ணு இருக்கறீங்க"ன்னு கேட்டா எப்படிங்க? அவங்களும் மறுக்கா ஒரு தடவை வாங்கன்னு கூப்பிடலை. கூப்பிட்டா நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற. ஆனா கூப்பிடலை.

இப்ப இவனும் போயிட்டா என்ன ஆகும்னு பாருங்க. அவங்களும் அங்க, இவனும் அங்க. மத்தியானம் போன் எதுக்கு வரும்? வந்தாலும் நான் யார்கிட்டச் சொல்லி யார்கிட்டப் பேசறது? ஊட்டுக்காரர் இருக்கார். அவரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அதுல ரெண்டு காப்பி. பூனை போறதுல எனக்கு வருத்தம் இல்லீங்க. அந்தச் சத்தம் போயிருமேன்னு இருக்குது. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலை.

சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரெண்டு நாளா இவன் கண்ணை நான் தொடைக்கலை. கறை நல்லாத் தெரியட்டும்னு விட்டேன். காலைல வயிறு முட்ட மீன் குடுத்தேன், வயிறு நெறைஞ்சா நல்லாக் கொறட்டை வரும். முடியையும் சீவாம விடலாம்னுதான் பாத்தேன். அது மட்டும் முடியலை. பாக்கவே சகிக்கலை, சீவிட்டேன். வெளிய கார்ல அவரு ஏசியைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கார், இவனுக்குச் சூடு ஆகாதுன்னு. இன்னிக்கு ஒரு நாளு வெயில்ல நடந்து வந்திருந்தா நல்லா மூச்சு வாங்கியிருக்கும். அவருக்கு அந்தச் சூச்சுமமெல்லாம் தெரியாது.

கூப்பிடறாங்க பாருங்க. ஆஸ்கராம். வாடா கெரகமே. தம்பி, எடத்தைப் பாத்துக்கங்க, வந்துடறேன்.

இன்னும் உங்களைக் கூப்பிடலீங்களா? அந்த வெள்ளை நாய்க்காரங்க உள்ள போனதை நான் பாத்தேன். நகந்துக்கங்க.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. "ஆஸ்கர், ஆஸ்கர்"னு கூப்பிட்டுப் பாத்தாங்க. இவன் திரும்பலை. காது கேக்குமாங்கன்னு என்னைக் கேட்டாங்க. ஐயோ, செவிடுன்னு எழுதிப்போட்டா என்ன பண்றதுன்னு நான் மெதுவா "கெரகமே"ன்னேன். உடனே திரும்பிட்டான். அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல காதுல மாட்டியிருந்த கொழாயே கழண்டு விழுந்துச்சு.

பொறவு நெஞ்சுல வெச்சுப் பாத்தாங்க. மூக்குத் துவாரத்துல வெளக்கடிச்சுப் பாத்தாங்க. மேசை மேல நடக்க விட்டுப் பாத்தாங்க. பாழாப் போனவன், இன்னிக்குன்னு பாத்து நடக்கறான் பாருங்க, போலீஸ்காரனாட்டம். கொறட்டை ஒண்ணு வரலை. நான் மீன் குடுத்ததெல்லாம் வீண். "அருமையான மூக்குங்கம்மா. பழைய காலத்துப் பெர்சியன் மூக்கு. துவாரம் நல்லாத் தொறந்திருக்கு, மூச்சுச் சத்தமே இல்லை. இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்களே"ன்னாங்க.

"இல்லீங்க, நல்லாப் பாருங்க, சப்பைங்க"ன்னேன். அன்னிக்குக் கண்காட்சியில சொன்னதுதான், வார்த்தை கூட மாத்தலை. "சப்பைதான், ஆனா மூச்சுக்குத் தொந்தரவு இல்லாத சப்பை"ன்னாங்க. "கண்ணுல தண்ணி வருதுங்களே"ன்னேன். பஞ்சை எடுத்து ஒரே இழுப்புல தொடைச்சுட்டு, "ரெண்டு நாளாத் தொடைக்கலையா?"ன்னாங்க. அதுவும் தெரிஞ்சு போச்சு.

போலாமாமுங்க. இவன் மூக்கை ஏத்துக்கற கம்பெனியும் இருக்குதாம், அனுப்பற ஏஜென்ட்டு பாத்துக்குவாராம். கூண்டுல வெச்சுத் தனியாவே அனுப்பலாமாம். "கூட ஆள் போகணுமா?"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். "கட்டாயம் இல்லீங்கம்மா. தெரிஞ்சவங்க துணைக்கு இருந்தா அவனுக்கு நல்லது, அவ்வளவுதான்"னாங்க.

துணைக்கு இருந்தா நல்லதாம். கேட்டுக்கிட்டீங்களா தம்பி? டாக்டரம்மாவே சொல்றாங்க.

இருங்க, போன் அடிக்குது. அவதான். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. சேவல் வாயையும் கொஞ்சம் பொத்திக்கங்க. வாடா, மடியில உக்காரு. இங்க பாரு, போனைப் பாரு.

டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உன்னைக் கேக்கறா. சொல்லுடா. மூக்கு ரொம்பச் சப்பைன்னு சொன்னாங்கன்னு சொல்லு. இந்த மாதிரிச் சப்பையை டாக்டரம்மா பாத்ததே இல்லையாம்னு சொல்லு. கூண்டுல தனியா அனுப்பவே கூடாதாம். தெரிஞ்சவங்க மடியில வெச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் ஆச்சாம். தெனமும் முடி சீவற கையா இருக்கணுமாம். வெள்ளித் தட்டத்துல சோறு வெச்ச ஆளா இருக்கணுமாம். எனக்கென்ன, நான் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னவ. ஆனா பூனையைக் கொண்டாந்து குடுக்கணும்னா உள்ள வந்துதானே குடுக்கணும், வாசல்ல நின்னு வீசவா முடியும்னு கேளுடா.

தம்பி, நீங்க ஏனுங்க என்னை அப்படிப் பாக்கறீங்க? அந்தப் பக்கம் பாருங்க.

"ஆஸ்கர், டாக்டர் நெஜமாவே அப்படிச் சொன்னாங்களா?"ங்கறா. பேசாம தலையை ஆட்டுடா. ஆட்டிட்டான், பாத்துக்க. மூக்கை உறிஞ்சறா கேட்டீங்களா, சளி புடிச்சிருக்குது. அந்தக் குளுருல தலைக்கு ஊத்தியிருப்பா. நான் போய்த்தான் மொளகு ரசம் வெக்கணும்.

மாமாவும் வருவாரான்னு கேக்கறா. வருவார்னு சொல்லுடா. பெட்டி தூக்க ஆள் வேணுமில்ல. பின்னால என்ற பையன் கத்தறான் பாருங்க, "டிக்கெட் இப்பவே போடறேன்"னு. அவனுக்கு எப்பவும் டிக்கெட் போடறதுல ஒரு அவசரம். இந்தத் தடவை என்னைக் கேட்டுட்டுப் போடறான், அது வரைக்கும் சரி.

உங்களைக் கூப்பிடறாங்க தம்பி, எந்திரிங்க. சேவல் தேறிரும், கவலைப்படாதீங்க, நல்ல மூக்கு. டாக்டரம்மாகிட்ட இதெல்லாம் ஒண்ணும் பேச வேண்டாம். உங்க வேலையை மட்டும் பாத்துட்டு வாங்க.

என்ன கண்ணு சொன்ன? கேக்கலை, ஆளுக சத்தம். "அப்பத்தாவுக்கு ஜன்னலோரம் வேணுமா, நடக்கற பக்கம் வேணுமான்னு கேட்டுச் சொல்லு ஆஸ்கர்"ங்கறயா? இங்க பாருடா கெரகமே, அவகிட்டச் சொல்லு. எனக்கென்ன, நான் எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். உனக்குத்தான் மேகம் பாக்கணும், அழிச்சாட்டியம் பண்ணுவே, ஜன்னலோரமே போடச் சொல்லு.